வாழையடி வாழை



குடும்பங்களில் சண்டை மூளுவதற்குக் காரணங்கள் பல உண்டு. வாய்க்கால் தண்ணீர், வரப்புத் தகராறு, சீர்வரிசையில் குறை, அண்ணன் வாங்கிய கடனைத் தம்பி அடைத்தது என்று அந்தப் பட்டியல் நீண்டுகொண்டே போகும். ஆனால், இன்னும் பிறவாத ஒரு நூற்றாண்டில், எங்குமே இல்லாத ஒரு விண்கப்பலில், ஒருநாளும் வாழ்ந்திராத மனிதர் செய்த செயல்களைப் பற்றித் தகப்பனும் மகனும் வாதிட்டுப் பேச்சை நிறுத்திக்கொண்டதை நீங்கள் கேள்விப்பட்டதுண்டா? சென்ற கிறிஸ்மஸ் விடுமுறையின்போது, தொட்டியத்தில் அதை நான் கண்ணாரக் கண்டேன்.

காவிரியின் வடகரையில், வாழைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது என் தமக்கை மகனின் வீடு. அவனுக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. வாழை விவசாயம் செய்பவன். அவன் மகன் திருச்சிராப்பள்ளியில் விடுதியில் தங்கிப் பொறியியல் படிக்கிறான். திருநாள் விருந்து முடிந்து, எல்லாரும் கூடத்தில் வெற்றிலைத் தட்டோடு அமர்ந்திருந்த வேளையில், பையன் தன் கைப்பேசியைத் தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து, “அப்பா, இதைப் பாருங்கள், புதிய ஸ்டார் ட்ரெக்!” என்று ஆவலோடு அழைத்தான். தகப்பன் பார்த்தான். பத்து நிமிடம் கூட ஆகியிராது. “இதுவா ஸ்டார் ட்ரெக்? விளக்கும் வெடியும்தான் இருக்கிறது. விஷயம் எங்கே?” என்று எழுந்துவிட்டான்.

“அப்பா, உங்கள் காலத்துக் கப்பல் மட்டும் என்னவாம்? அட்டைப் பெட்டி. பாறையைத் தொட்டால் பஞ்சுபோல ஆடும்.”

“அட்டைப் பெட்டியானாலும் அதற்குள் கருத்து இருந்தது. உன் தலைமுறைக்கு எதையும் பொறுமையாக உட்கார்ந்து யோசிக்கத் தெரியாது.”

“நீங்கள் அங்கேயே நின்றுவிட்டீர்கள், அப்பா. எல்லாவற்றிலும் அப்படித்தான்.”

இந்தக் கடைசிச் சொல் வரும்வரை நான் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். அதன் பிறகு கூடத்தில் யாரும் சிரிக்கவில்லை. அன்று மாலையே பையன் பையைத் தூக்கிக்கொண்டு திருச்சிப் பேருந்தில் ஏறிவிட்டான். தாய் கட்டிக்கொடுத்த பலகாரப் பொட்டலம் திண்ணையிலேயே இருந்தது.

வாசகர்களே, அற்ப விஷயம் என்று நாம் தள்ளிவிடுகிறவற்றின் அடியில் சில வேளைகளில் ஒருவருடைய வாழ்க்கையே புதைந்து கிடக்கிறது. இதன் அடியில் என்ன புதைந்திருந்தது என்பதை அறிய, நாம் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

1980களின் இடைப்பகுதியில், தூர்தர்ஷன் அந்த அமெரிக்கத் தொடரை ஞாயிறு காலைகளில் ஒளிபரப்பிற்று. 1984ஐ ஒட்டி நாடெங்கும் சிறு ஒளிபரப்பு நிலையங்கள் எழுந்து, சிற்றூர்களையும் தொலைக்காட்சி எட்டிப்பார்த்த காலம் அது. எங்கள் உறவினர் தெருவில் ஒரே ஒரு பெட்டிதான் இருந்தது. கூரைமேல் நின்று ஒருவர் ஆன்டெனாவைத் திருப்ப, கீழேயிருந்து, “இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், போதும், நில்!” என்று இன்னொருவர் கூவுவார். படத்தில் பாதி புள்ளி மழைதான். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்த கையோடு, பூசைக்குப் போட்ட சட்டையைக்கூட மாற்றாமல் அந்த வீட்டுக்கு ஓடுகிற பன்னிரண்டு வயதுச் சிறுவன்தான் பின்னாளில் வாழை விவசாயியான என் மருமகன்.

வசனம் ஆங்கிலம். அவனுக்கு நாலில் ஒரு பங்குதான் புரிந்திருக்கும். ஆனால் கண்ணுக்குப் புரிந்தது ஏராளம். ஒரே கப்பலில் அமெரிக்கரும் ஆசியரும் ஆப்பிரிக்கக் குலத்துப் பெண்ணும் ரஷ்யரும் தோளோடு தோள் நின்று பணியாற்றினர். வல்லரசுகள் இரண்டும் அணுகுண்டுகளை எண்ணிக்கொண்டிருந்த நாளில் இது சிறிய காட்சியன்று. வாரந்தோறும் ஒரு புதிய கோள், ஒரு புதிய நெருக்கடி. உணர்ச்சியை அடக்கி அறிவை முன்னிறுத்தும் ஸ்பாக் ஒரு பக்கம், இரக்கத்தை முன்னிறுத்தும் மருத்துவர் மறுபக்கம், நடுவே முடிவெடுக்க வேண்டிய கேப்டன் கிர்க். நல்லது எது, தீயது எது என்ற கேள்வி இல்லாமல் பல கதைகள் முடிவதில்லை.

அதைப் பார்த்துப் பார்த்து, இயற்பியல் படிக்க வேண்டும் என்ற ஆசை அவனுக்கு மூண்டது. திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரியில் சேர வேண்டும் என்பான். ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த எழுத்தாளர் சுஜாதாவும், பின்னாளில் குடியரசுத் தலைவராகிய அப்துல் கலாமும் அறிவியல் பயின்ற கல்லூரி அல்லவா அது! ஆனால் பள்ளி இறுதி ஆண்டில் அவன் தந்தை காலமானார். தம்பி தங்கையர் மூவர். மண்வெட்டி கைக்கு வந்தது. புத்தகம் பரணுக்குப் போயிற்று. அந்தப் பழைய தொடர் அவனுக்கு வெறும் பொழுதுபோக்கன்று என்பது இப்போது விளங்கும். அவன் போகாமல் விட்ட பாதையின் தொடக்கம் அது. “அங்கேயே நின்றுவிட்டீர்கள்” என்ற சொல் எங்கே தைத்திருக்கும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

சரி, வாதத்துக்கு வருவோம். பழையது உயர்ந்ததா, புதியது உயர்ந்ததா? இந்த வழக்கு தொட்டியத்தில் தொடங்கியதன்று. அந்தத் தொடரைப் போலவே அதற்கும் வயதாகிவிட்டது.

இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானம் ஓட்டி, பின்னர் காவல்துறையிலும் பணியாற்றிய ஜீன் ராடன்பெரி என்பவர் படைத்தது ஸ்டார் ட்ரெக். 1964இல் அவர் எடுத்த முதல் முன்னோட்டப் படத்தை என்.பி.சி. நிறுவனம் ஏற்கவில்லை. அதில் கேப்டன் பைக் என்னும் தலைவனாக நடித்தவர் ஜெஃப்ரி ஹன்ட்டர். 1961இல் வெளிவந்த “கிங் ஆஃப் கிங்ஸ்” திரைப்படத்தில் இயேசுவாக நடித்தவர் அவரே என்பது நம் வாசகர் சிலருக்கு நினைவிருக்கலாம். கதையையும் நடிகர் பலரையும் மாற்றி மீண்டும் ஒரு முன்னோட்டம் எடுத்த பிறகே, 1966 செப்டம்பர் 8ஆம் நாள் தொடர் ஒளியேறியது.

இரண்டாம் ஆண்டிலேயே அதை நிறுத்திவிடுவார்கள் என்ற பேச்சு எழுந்தது. அப்போது பீஜோ டிரிம்பிள் என்னும் பெண்மணியும் அவர் கணவரும் முன்னின்று, நாடெங்கும் உள்ள இரசிகர்களைக் கடிதம் எழுதத் தூண்டினர். கடிதங்கள் மூட்டை மூட்டையாகக் குவிந்தன. தொடர் நீடிக்கும் என்று 1968இல் நிறுவனமே ஒளிபரப்பில் அறிவிக்க நேர்ந்தது. ஆனால் வந்தது என்ன? மூன்றாம் ஆண்டில் செலவுத்தொகை குறைக்கப்பட்டது. நேரமோ வெள்ளி இரவு பத்து மணிக்குத் தள்ளப்பட்டது. கதைகளின் தரம் தாழ்ந்தது என்று, கடிதம் எழுதிக் காப்பாற்றிய இரசிகர்களே முதலில் முறையிட்டனர். 79 பகுதிகளோடு 1969இல் தொடர் நின்றது. ஆகவே, “முன்பிருந்த தரம் இல்லை” என்ற குரல் தொடரின் மூன்றாம் வயதிலேயே கேட்டாயிற்று!

பிறகு மறுஒளிபரப்பில்தான் அது பெரும்புகழ் பெற்றது. 1976இல் அமெரிக்காவின் முதல் விண்வெளி ஓடத்துக்கு அக்கற்பனைக் கப்பலின் பெயராகிய “என்டர்பிரைஸ்” சூட்டப்பட்டதற்கு இரசிகர்கள் அந்நாட்டுத் தலைவருக்கு எழுதிய கடிதங்களே காரணம். 1979இல் வந்த முதல் திரைப்படத்தில், நம் நாட்டு அழகியாக 1965இல் தேர்வு பெற்ற பெர்சிஸ் கம்பாட்டா தலையை மழித்துக்கொண்டு நடித்தார். படம் மெதுவாக நகர்கிறது என்று இரசிகர் பலர் முணுமுணுத்தனர். 1982இல் இரண்டாம் படத்தில் ஸ்பாக் இறந்துபோகிறார் என்ற செய்தி முன்கூட்டியே கசிந்தபோது கொதித்தெழுந்தனர். இன்று அந்தப் படத்தைத்தான் பலரும் தலைசிறந்தது என்கின்றனர்.

1987இல் புதிய மாந்தரோடு “அடுத்த தலைமுறை” தொடங்கிற்று. கிர்க்கும் ஸ்பாக்கும் இல்லாத கப்பல் ஒரு கப்பலா என்று மூத்த இரசிகர் முகம் திருப்பினர். உண்மையைச் சொன்னால், அதன் முதல் ஈராண்டுகள் வலுவற்றவைதாம். ஆயினும் மூன்றாம் ஆண்டிலிருந்து அது தன் காலில் நின்று, 1994 வரை 178 பகுதிகள் ஓடிற்று. அதன்பின் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர்கள் வந்தன. 2005இல் ஒரு நீண்ட நிறுத்தம். 2017இல் மீண்டும் உயிர்ப்பு. ஒவ்வொரு புதிய தொடர் வந்தபோதும், முந்தைய தொடரை ஒருகாலத்தில் பழித்தவர்களே அதைப் பொற்காலமென்று போற்றத் தொடங்கினர்.

இங்கிலாந்திலும் இதே கதைதான். 1963 முதல் பி.பி.சி. ஒளிபரப்பி வரும் “டாக்டர் ஹூ” என்ற அறிவியல் தொடரின் இரசிகர் சிலரை 1986இல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு அழைத்திருந்தார்கள். கிறிஸ் சிப்னல் என்ற பதினாறு வயது இளைஞர், அவ்வாண்டுக் கதையின் குறைகளை அதன் எழுத்தாளர்கள் கேட்கவே தயங்காமல் எடுத்துரைத்தார். ஆண்டுகள் உருண்டன. அதே இளைஞர் எழுத்தாளராகி, 2018 முதல் 2022 வரை அத்தொடருக்கே தலைமைப் பொறுப்பேற்றார். முதன்முறையாக ஒரு பெண்ணை அந்த நாயக வேடத்தில் நடிக்க வைத்ததும் அவர் காலத்தில்தான். அப்போது இரசிகர்கள் அவரை விட்டார்களா? முன்பு அவர் எந்தப் படியால் அளந்தாரோ அந்தப் படி நிரம்பி வழியும்படி அளந்து கொடுத்தார்கள். குறைசொல்லும் நாற்காலியும் குறைகேட்கும் நாற்காலியும் ஒரே கூடத்தில்தான் இருக்கின்றன என்பதை நாம் மறந்துவிடலாகாது.

நம் நாட்டில் மட்டும் இது இல்லையா? சுஜாதா ஆனந்த விகடனில் எழுதிய “என் இனிய இயந்திரா”வும் அதன் தொடர்ச்சியாகிய “மீண்டும் ஜீனோ”வும் தமிழ் வீடுகளில் வாராவாரம் காத்திருந்து படிக்கப்பட்டவை. ஜீனோ என்னும் இயந்திர நாய்க்குக் குழந்தைகள் மட்டுமன்று, பெரியவர்களும் இரசிகர்களாயினர். முதற்கதை தூர்தர்ஷனில் தொடராக வந்தபோது எங்கள் வீட்டிலேயே இரு கட்சி. “நான் மனத்தில் வளர்த்த ஜீனோ இதுவன்று” என்று என் மனைவி. “அசையும் ஜீனோவைக் கண்டதே போதும்” என்று பிள்ளைகள். இரண்டு கட்சியும் இன்றுவரை சமாதானமாகவில்லை. ஆனால் பேச்சை நிறுத்திக்கொள்ளவும் இல்லை.

அப்படியானால், நல்லது கெட்டது என்று ஒன்றுமே இல்லையா? எல்லாம் அவரவர் மனப்போக்குத்தானா? அப்படிச் சொல்வது சோம்பேறித்தனம். கதையில் ஓட்டை இருந்தால் ஓட்டைதான். செலவைச் சுருக்கி அவசரத்தில் எடுத்தது அவசரமாகத்தான் தெரியும். அதைச் சொல்லும் உரிமை இரசிகனுக்கு உண்டு. ஆனால் தீர்ப்புக் கூறுமுன் மூன்று காரியங்களைக் கருத வேண்டும்.

முதலாவது, நினைவு ஒரு சல்லடை. 79 பகுதிகளில் பத்தோ பதினைந்தோதான் நம் நெஞ்சில் தங்குகின்றன. தங்கியவை சிறந்தவை. உதிர்ந்த பதர் எங்கே போயிற்றென்று யாரும் தேடுவதில்லை. புதியதிலோ நெல்லும் பதரும் கலந்தே நம் கண்முன் கிடக்கின்றன. சலித்த நெல்லையும் சலிக்காத நெல்லையும் ஒரே மரக்காலில் அளக்கலாமா?

இரண்டாவது, வடிவம் மாறிவிட்டது. அக்காலத்தில் ஆண்டுக்கு இருபத்துநான்கு, இருபத்தாறு பகுதிகள். ஒவ்வொன்றும் தொடங்கிய நாளிலேயே முடியும் தனிக்கதை. பிற்காலத்துத் தொடர்களில் ஆண்டுக்குப் பத்து, பதின்மூன்றுதான். அவற்றுள் பல ஒரே கதையை ஆண்டு முழுவதும் இழுத்துச் செல்பவை. சிறுகதையை நாவலின் அளவுகோலாலும், நாவலைச் சிறுகதையின் அளவுகோலாலும் அளந்தால் இரண்டும் தோற்றுத்தான் போகும்.

மூன்றாவது, பார்க்கிற கண்ணும் மாறிவிட்டது. பன்னிரண்டு வயதில் முதன்முதலாக வானத்தைத் திறந்து காட்டியதற்கு ஈடாக, ஐம்பது வயதில் எதுவும் திறந்து காட்ட முடியாது. அந்தக் குறை படத்தினுடையதன்று.

இவ்வளவையும் மறுநாள் காலையில் என் மருமகனிடம் சொற்பொழிவாற்றலாம் என்றுதான் அவனோடு தோட்டத்துக்குப் போனேன். ஆனால் தோட்டமே எனக்கு முந்திக்கொண்டது. தார் வெட்டிய தாய்மரங்களின் அருகே பக்கக்கன்றுகள் ஓங்கி நின்றன. “மறுதாம்பு எப்படி வரும்?” என்று கேட்டேன்.

“கவனிப்பைப் பொறுத்தது, மாமா. போகப்போகக் கிழங்கு மேலே ஏறி வரும். மண் அணைக்காமல் விட்டால் காற்றுக்குச் சாய்ந்துவிடும். ஒழுங்காக மண் அணைத்து, ஒரே ஒரு கன்றை நிறுத்தி, எருவும் தண்ணீரும் கொடுத்தால், தாய்மரத்துக்கு மேலான தார் போடுவதும் உண்டு.”

“தாய்மரத்தைப் போல இல்லையே என்று கன்றைத் திட்டுவாயா?”

“அதை ஏன் திட்ட வேண்டும்? மண்டியில் இந்தத் தாரில் எத்தனை சீப்பு, காய் எப்படித் திரண்டிருக்கிறது என்றுதானே பார்ப்பார்கள்? தாய்மரத்துத் தாரை நினைத்தா விலை சொல்வார்கள்?” என்றவன், சட்டென்று நின்றான். நான் எங்கே வருகிறேன் என்பது அவனுக்கு விளங்கிவிட்டது. சற்றுநேரம் பேசாதிருந்தான். பிறகு தாழ்ந்த குரலில், “ஆனால் மாமா, அவன் சொன்னது கப்பலைப் பற்றி அல்லவே,” என்றான்.

அன்று இரவு நான் பேரனைத் தொலைபேசியில் அழைத்தேன். அவன் குரலும் கம்மியிருந்தது. “தாத்தா, அந்தப் புதிய தொடரில் வருபவர் யார் தெரியுமா? அந்தக் கேப்டன் பைக். அப்பா பார்த்த தொடருக்கும் முந்திய, ஒதுக்கப்பட்ட முதல் படத்தின் தலைவர். அவரை வைத்து 2022இல் இதைத் தொடங்கினார்கள். அப்பாவுக்குப் பிடித்த ஸ்பாக்கும் இதில் இளைஞராக வருகிறார். சிறுவயதில் அப்பா எனக்குச் சொன்ன கதைகளால்தான் நான் இதைப் பார்க்கவே ஆரம்பித்தேன். அவருக்குக் காட்ட வேண்டுமென்று ஒரு மாதமாகக் காத்திருந்தேன். அவர் பத்து நிமிடம்கூட உட்காரவில்லை.”

நான் வாயடைத்துப்போனேன். தகப்பன் தன் மகனுக்கு விதைத்ததைத்தான் மகன் கனியாக ஏந்தி வந்திருக்கிறான். கனியின் சுவை சரியில்லை என்று தகப்பன் எழுந்துவிட்டான். ஏந்தி வந்த கையை அவன் பார்க்கவில்லை. மகனோ, தகப்பனின் கப்பலை அடிப்பதாக எண்ணித் தகப்பனையே அடித்துவிட்டான். ஒதுக்கப்பட்ட கல் மூலைக்கு வந்து சேரும் கதை நமக்குப் புதிதன்று. அந்தப் பழைய கேப்டனுக்குக் கிடைத்த மறுவாழ்வு இந்த இருவருக்கும் கிடைக்காதா என்று அன்றிரவு வெகுநேரம் எண்ணிக்கொண்டிருந்தேன்.

பேரன் சொன்னதை அவன் தகப்பனிடம் அப்படியே சொன்னேன். தகப்பன் இயற்பியல் படிக்காமற்போன கதையைப் பேரனிடம் சொன்னேன். அவன் அதுவரை அதைக் கேட்டதே இல்லையாம். வேறொன்றும் நான் செய்யவில்லை.

பொங்கலுக்கு முதல்நாள் பையன் வந்தான். முற்றத்தில் கரும்புக் கட்டை இறக்கிக்கொண்டிருந்த தகப்பனிடம் நேரே போய், “அப்பா, உங்கள் 79இல் படுமோசமானது எது?” என்று கேட்டான். தகப்பன் ஒரு கணம் திகைத்தான். பிறகு வாய்விட்டுச் சிரித்தான். “ஸ்பாக்கின் மூளையையே திருடிக்கொண்டு போவார்களே, அந்த மூன்றாம் ஆண்டுக் கதை! அதைவிட மோசம் உலகத்தில் இல்லை. சரி, உன் புதியதில் எது மோசம் என்று நீ சொல்.”

அன்றிரவு இருவரும் உட்கார்ந்து பார்த்தார்கள். முழுதும் பார்த்தார்கள். முடிந்ததும் தகப்பன் சொன்ன தீர்ப்பு இது: “விளக்கு இன்னும் அதிகம்தான். ஆனால் அந்தத் தலைவன், தனக்கு நேரப்போகும் கொடுமை தெரிந்தும் கடமையைச் செய்கிறானே, அது நன்றாக இருக்கிறது.” மகன் விளக்கைப் பற்றி வாதாடினான். வாதம் நள்ளிரவு வரை நடந்ததாம். அதற்கு நடுவே இரண்டு முறை காப்பி போட நேர்ந்தது என்று என் மருமகள் குறைபட்டுக்கொண்டாள். அவ்வளவு மகிழ்ச்சியான குறையை அவள் சொல்லி நான் கேட்டதில்லை.

அன்புப் பெற்றோரே, உங்கள் பிள்ளைகள் ஒன்றைக் கொண்டுவந்து “பாருங்கள்” என்றால், அது பாட்டோ படமோ விளையாட்டோ, முதலில் உட்காருங்கள். குறை இருந்தால் முழுதும் பார்த்த பிறகு சொல்லுங்கள். அப்போது அந்தச் சொல்லுக்கு எடை இருக்கும். அன்புப் பிள்ளைகளே, உங்கள் பெற்றோர் ஒரு பழையதை விடாமல் பற்றிக்கொண்டிருந்தால், அதைக் கேலி செய்யுமுன், அதில் அவர்கள் எதைப் பத்திரப்படுத்தியிருக்கிறார்கள் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பழையது புதியது என்ற வழக்கு எந்நாளும் தீரப்போவதில்லை. அது தீர வேண்டிய அவசியமும் இல்லை. அந்த வழக்கை நடத்த இருவரும் ஒரே கூடத்தில் அமர்ந்திருப்பதுதான் அவசியம்.

அடுத்த திங்களில் சந்திப்போம்.